முகங்களை வரைந்த சார்ஜென்ட் பாஸ்டன் நூலகச் சுவருக்கு ஏன் போனார்?

இளவெயில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உருவப்பட ஓவியர்களில் ஜான் சிங்கர் சார்ஜென்டை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்துக் கற்று வருகிறேன். பட்டுத்துணியின் மடிப்பில் விழும் ஒளியை ஒரே இழுப்பில் வைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும் அந்தத் தூரிகைக்கு ஈடாக வேறொன்றை நான் கண்டதில்லை. 1884இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டு, பார்த்தவர்களை முகம் சுளிக்க வைத்த 'மேடம் எக்ஸ்' தொடங்கி, பின்னர் லண்டனில் அவர் தீட்டிய சீமாட்டிகள், வணிகர்கள், பிரபுக்கள் வரை எல்லாப் படங்களுக்கும் உயிர்நாடி முகமும் உடல் நிற்கும் வாகும்தான்.

அதே மனிதர் பாஸ்டன் பொது நூலகத்தின் மூன்றாம் தளத்தில் 'சமயத்தின் வெற்றி' என்ற சுவரோவியத் தொடருக்கு 1890இல் இசைந்து, 1919 வரை அதை விடாமல் செய்துவந்தார் என்று அறிந்தபோது திகைத்துப்போனேன். அச்சில் கிடைத்த சில படங்களைப் பார்த்தேன். காளைத்தலைக் கடவுள், நீலத் திரைக்குள் நிற்கும் தேவி, பொன் கதிர்கள், வரிசையாக நிற்கும் தீர்க்கதரிசிகள், மனிதரை விழுங்கும் பச்சை நிறப் பூதம் என்று ஏதேதோ வந்தன. தீர்க்கதரிசிகளைத் தவிர்த்தால், நான் அறிந்த சார்ஜென்டை அவற்றில் எங்கும் காண முடியவில்லை.

உருவப்படத்தால் புகழும் பொருளும் வந்துகொண்டிருந்தபோது இவ்வளவு பெரிய சமயப் பொருளை அவர் ஏன் தலைமேல் போட்டுக்கொண்டார்? இது வெற்றி பெற்ற படைப்பா, அல்லது தன் திறமை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு பெரிய கலைஞர் செய்த பிழையா? தொடர் முற்றுப்பெறவில்லை என்றும் படித்தேன். நேரில் பார்த்தவர்கள் எவரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


தூரிகைக்காரன்

வணக்கம் இளவெயில். அந்தக் கூடத்தில் இரண்டு முறை நெடுநேரம் நின்றிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். முதல் முறை எனக்கும் உங்களுக்கு ஏற்பட்ட அதே ஏமாற்றம்தான் ஏற்பட்டது.

'ஏன் போனார்' என்ற கேள்விக்கு அந்தக் காலத்து ஓவிய உலகின் படிநிலையிலேயே பாதி விடை இருக்கிறது. பாரிஸில் கரோலுஸ்-துய்ரான் என்ற ஓவியரிடம் பயின்றவர் சார்ஜென்ட். அங்கே வரலாறும் புராணமும் சமயமும் பொருளாக அமைந்த பெரிய ஓவியத்துக்கே உயர்ந்த இடம். உருவப்படம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் கூலிக்குச் செய்த வேலை என்ற பெயர் அதை விட்டு நீங்காது. மேலும், உருவப்படம் ஒரு குடும்பத்தின் வரவேற்பறையில் போய் முடங்கிவிடுகிறது. பொதுக் கட்டடத்தின் சுவரோ ஊருக்கே சொந்தம். கோப்லி சதுக்கத்தில் புதிய நூலகத்தைக் கட்டிய சார்ல்ஸ் ஃபாலன் மெக்கிம் என்ற கட்டடக்கலைஞர், படிக்கட்டுச் சுவர்களைப் பிரான்சின் புவி த ஷவான் என்ற ஓவியருக்கும், புத்தகம் வழங்கும் அறையைச் சார்ஜென்டின் ஓவிய நண்பர் எட்வின் ஆஸ்டின் அபிக்கும், மேல்தளக் கூடத்தைச் சார்ஜென்டுக்கும் ஒதுக்கினார். முதலில் ஸ்பானிய இலக்கியத்தை வரையலாம் என்றுதான் சார்ஜென்ட் எண்ணினார். விரைவிலேயே அதைக் கைவிட்டுச் சமயத்தின் வரலாற்றுக்கு வந்துவிட்டார். எகிப்து, கிரேக்கம், துருக்கி என்று பயணம் போனதும் இதற்காகத்தான். பின்னர் 1905-06இல் பாலஸ்தீனத்துக்கும் போனார். அந்தப் பயணத்தின் நடுவில்தான் தாயார் இறந்த செய்தி அவருக்குக் கிடைத்தது. 1907 வாக்கில் உருவப்பட வேலைகளைப் பெரும்பாலும் ஏற்பதையே நிறுத்திக்கொண்டார். எனவே இதை ஓய்வு நேரத்து ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. தம் பெயரை எதன்மேல் நிறுத்த வேண்டும் என்று அவரே எடுத்த முடிவு இது.

இப்போது கூடத்துக்கு வருவோம். அது நீண்டு ஒடுங்கிய, உயரமான, வளைகூரையோடு கூடிய இடம். வடக்குக் கோடியின் கூரையில் பழைய தெய்வங்கள் இருக்கின்றன: வளைகூரையைத் தழுவிக் கிடக்கும் எகிப்திய வானத்தேவி, காளைத்தலைக் கடவுளான மோலோக், நீலத் திரைக்குள் நிற்கும் தேவி அஸ்தார்த்தே. அதன்கீழ் அரைவட்டத்தில் எகிப்திய மன்னனும் அசீரிய மன்னனும் ஆயுதம் ஓங்க, நடுவில் இஸ்ரவேலர் ஆடையின்றிக் குமைந்து கிடக்கிறார்கள். செஞ்சிறகுகளுக்குப் பின்னிருந்து நீளும் கைகள் அந்த ஓங்கிய கரங்களைத் தடுக்கின்றன. அதற்கும் கீழே மோசேயை நடுவில் வைத்துப் பத்தொன்பது பேர் நிற்கும் தீர்க்கதரிசிகளின் பட்டிகை, அதாவது சுவரில் நீளவாக்கில் ஓடும் ஓவியப் பட்டை. இது 1895இல் ஏறியது. எதிரே, தெற்குக் கோடியில் திரித்துவம் (தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவராய் விளங்கும் கிறித்தவரின் ஒரே கடவுள்), சிலுவை, தேவதூதர்களின் வரிசை, இது 1903இல். மாதாவின் படங்களும் இருபக்க அரைவட்டங்களும் 1916இல் வந்தன. கடைசியாக 1919இல் கிழக்குச் சுவரில் யூத சமயத்தைக் குறிக்கும் 'ஜெப ஆலயம்', கிறித்தவத்தைக் குறிக்கும் 'திருச்சபை' என்ற இரண்டு பலகங்கள்.

நான் இரண்டாம் முறை போனபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். வடக்கிலும் தெற்கிலும் மாறி மாறி நின்று முகங்களை மட்டும் பாருங்கள். தீர்க்கதரிசிகள் ஒவ்வொருவருக்கும் தனி முகம், தனி நிற்கும் வாகு. ஓசியா வெண்ணிறப் போர்வைக்குள் இளைஞனாக நிற்கிறார். அந்த வெண்மையின் மடிப்புகளில் நீங்கள் தேடும் சார்ஜென்ட் அப்படியே இருக்கிறார். யோசுவா வாளை உருவுகிறார், எரேமியா தமக்குள்ளேயே அமிழ்ந்து நிற்கிறார். உண்மையில் அது ஒரு குழு உருவப்படம். அப்படியே திரும்பித் தெற்கே பார்த்தால், திரித்துவத்தின் மூன்று உருவங்களுக்கும் ஒரே முகம், ஒரே அங்கி, அசைவற்ற பொன் கிரீடங்கள். உலகமே முகத்துக்காகத் தேடி வந்த ஓவியர், அங்கே முகத்தையே வேண்டாம் என்று விட்டிருக்கிறார். இது திறமைக் குறைவால் நேர்ந்ததன்று. கோட்பாடாக இறுகிய சமயத்துக்கு முகம் இருக்காது, தேடித் தவிக்கும் மனிதனுக்குத்தான் முகம் உண்டு என்று அவர் வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறார் என்பது என் துணிபு.

முற்றுப்பெறாத கதைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கிழக்குச் சுவரில் அந்த இரண்டு பலகங்களுக்கு நடுவே இயேசுவின் மலைப்பிரசங்கம் வர வேண்டும் என்பது அவருடைய திட்டம். விக்கிரகம், சட்டம், கோட்பாடு என்று எல்லாவற்றையும் கடந்து, ஒரு மனிதர் வெட்டவெளியில் கூட்டத்தினரைப் பார்த்துப் பேசுகிற காட்சியாக அது இருந்திருக்கும். மொத்தக் கூடமும் அதை நோக்கித்தான் நகர்கிறது. அந்த இடம் இன்றுவரை வெற்றுப் பலகமாகவே இருக்கிறது.


சுதைமண்

தூரிகைக்காரன் ஐயா பொருளைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். செய்முறையைப் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன். பழைய சுவரோவியங்களைச் சுத்தம் செய்து பழுது பார்ப்பது என் தொழில். அச்சுப் படத்தை வைத்து இந்தக் கூடத்தை எடைபோடவே கூடாது. காரணம், இது தட்டையான ஓவியமே அன்று.

பலர் இதை ஈரச்சுண்ணத்தின் மேல் வரைந்த சுவரோவியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சார்ஜென்ட் சுவரில் வரையவே இல்லை. இங்கிலாந்தில் கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்தார். தொடக்க ஆண்டுகளில் ஃபேர்ஃபோர்ட் என்ற ஊரில் அபியின் வீட்டை ஒட்டிய பெரிய பட்டறையிலும், பிறகு லண்டனில் ஃபுல்ஹம் சாலைப் பட்டறையிலும் இந்த வேலை நடந்தது. முடிந்த கித்தான்களைக் கப்பலில் பாஸ்டனுக்கு அனுப்பிச் சுவரில் ஒட்டினார்கள். புவி த ஷவானும் இப்படித்தான் பிரான்சிலிருந்து அனுப்பினார். அவர் பாஸ்டனுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால் இருவர் வேலையையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேற்றுமை தெரியும். படிக்கட்டில் புவி த ஷவானின் படங்கள் வெளிர் நீலமும் சுண்ண வெண்மையுமாகச் சுவரோடு சுவராகப் படிந்து கிடக்கின்றன. இரண்டு மாடி ஏறிச் சார்ஜென்டின் கூடத்துக்குள் நுழைந்தால், படம் சுவரைவிட்டு நம்மை நோக்கி வருகிறது.

வருகிறது என்று நான் சொல்வது உவமையாக அன்று. மோசேயின் உருவத்தைப் பாருங்கள்: பக்கத்தில் எலியாவும் யோசுவாவும் வண்ணத்தில் இருக்க, மோசே மட்டும் பத்துக் கட்டளைகள் பொறித்த பலகைகளோடு புடைப்பாக முன்னே துருத்தி நிற்கிறார். தெற்கே சிலுவையும் அப்படியே. அதில் இயேசுவோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஆதாமும் ஏவாளும் குனிந்து, வழியும் இரத்தத்தைக் கிண்ணத்தில் ஏந்துகிறார்கள். பிளாஸ்டர், காகிதக்கூழ், உலோகம், கண்ணாடிக் கற்கள், தங்கரேக் எல்லாவற்றையும் கலந்து கையாண்டிருக்கிறார். கொஞ்சம் வேடிக்கையான செய்தி ஒன்றும் உண்டு: அக்காலத்தில் வீட்டுச் சுவர்களை அலங்கரிக்கக் கடைகளில் விற்ற 'லிங்க்ரஸ்டா' என்னும் அச்சுப்புடைப்புத் தாளையும் அவர் தெய்வங்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறார். அஸ்தார்த்தேயின் நீலத் திரைமேல் பொன் புள்ளிகள் மினுங்குவதைக் கீழிருந்து பார்க்கும் யாருக்கும் வீட்டு அலங்காரத் தாள் நினைவுக்கு வராது!

இதற்கெல்லாம் காரணம் ஒளிதான் என்று நான் கருதுகிறேன். கூரைக் கண்ணாடி வழியாக மேலிருந்து இறங்கும் வெளிச்சம் அந்த ஒடுங்கிய கூடத்தில் போதாது. தட்டையாக வரைந்தால் மங்கிப்போகும். பொன்னும் புடைப்பும் இருந்தால், பார்ப்பவர் இரண்டடி நகரும்போது ஒளி இடம் மாறி உருவங்கள் விழித்துக்கொள்ளும். பட்டின் பளபளப்பைத் தூரிகையால் ஏமாற்றிக் காட்டிய ஒருவர், இங்கே உண்மையான பளபளப்பையே சுவரில் பதித்துவிட்டார் என்று சொல்லலாம். ஆனால் அதற்கு விலையும் உண்டு. இத்தனை வகைப் பொருள்கள் ஒரே பரப்பில் இருந்தால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் மூப்படையும். வண்ணத்துக்கு ஒத்துக்கொள்ளும் கரைப்பான் தங்கரேக்கைத் தின்றுவிடும். பல பத்தாண்டுக் காலத் தூசும் புகையும் படிந்து கருத்திருந்த கூடத்தை 2003-04இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ராஸ் கலைப்பொருள் பாதுகாப்பு மையத்தார் சுத்தம் செய்தார்கள். அதற்கு முன் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் பலர் 'இருண்ட, கனத்த படைப்பு' என்று எழுதினார்கள். உங்களுக்குக் கிடைத்தவையும் பழைய படங்களாக இருக்கலாம்.


இளவெயில்

இருவருக்கும் மிக்க நன்றி. திரித்துவத்தின் ஒரே முகத்தைப் பற்றிய கருத்து என்னை யோசிக்க வைக்கிறது. சுதைமண் ஐயா சொன்னது சரிதான். நான் பார்த்தவை கறுப்பு வெள்ளைப் படங்களும் பழைய அஞ்சல் அட்டைகளும்தான். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். மலைப்பிரசங்கம் ஏன் வரையப்படவில்லை? கடைசி இரு பலகங்களால் பெரிய எதிர்ப்பு எழுந்தது என்று ஒரு வரியில் எங்கோ பார்த்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?


நூலகப்படி

உண்டு என்றே பலரும் நம்புகிறார்கள். அந்த எதிர்ப்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் சார்ஜென்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

1919இல் திறக்கப்பட்ட 'ஜெப ஆலயம்' பலகத்தில் இருப்பவள் ஒரு மூதாட்டி. கண்கள் கட்டப்பட்டிருக்கின்றன. கிரீடம் தலையிலிருந்து சரிகிறது. செங்கோல் முறிந்திருக்கிறது. இடிந்து விழும் இடத்தில் உடலை முறுக்கிக்கொண்டு, கட்டளைப் பலகைகளை மார்போடு இறுக அணைத்துக் கிடக்கிறாள். அதற்கு இணையான 'திருச்சபை' பலகத்திலோ நேர்கொண்ட பார்வையோடு ஓர் இளம்பெண் அரியணையில் வீற்றிருக்கிறாள். அவள் மடியருகே இறந்த கிறிஸ்து சாய்ந்திருக்கிறார். இந்த இணை சார்ஜென்டின் கற்பனை அன்று. ஸ்ட்ராஸ்பூர், ரெய்ம்ஸ் பேராலயங்களின் வாயிலில் இடைக்காலச் சிற்பிகள் கண்கட்டிய யூத சமயத்தையும் முடிசூடிய திருச்சபையையும் இரு பெண்களாக நிறுத்தியிருக்கிறார்கள். தாம் அந்த மரபைத்தான் எடுத்தாண்டதாகச் சார்ஜென்ட் கருதினார்.

ஆனால் பேராலயத்தின் வாயில் வேறு, நகர மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் நூலகத்தின் சுவர் வேறு. பாஸ்டன் நூலகத்தின் வாயிலுக்கு மேலே 'அனைவருக்கும் இலவசம்' என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்த வாயில் வழியாக உள்ளே வந்து மூன்றாம் தளம் ஏறும் ஒரு யூத மாணவன், தன் சமயம் குருடாகி வீழ்ந்து கிடப்பதைப் பார்க்க வேண்டுமா என்று நகரத்து யூத சமூகத்தார் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி நூறு விழுக்காடு நியாயமாகவே தோன்றுகிறது. படத்தை அகற்றக் கோரி விண்ணப்பங்கள் போயின. 1922இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம், கல்வித் தேவைக்காக என்று காரணம் காட்டி அந்த ஓவியத்தை அரசே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. 1924இல் அது திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டில் யாரோ அந்தப் பலகத்தின்மேல் மையை வீசினார்கள். கறையை நீக்கினார்கள், படம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இதில் மனத்தை உறுத்தும் முரண் ஒன்று இருக்கிறது. சார்ஜென்டை யூத வெறுப்பாளர் என்று சொல்லிவிட முடியாது. லண்டனில் கலைப்பொருள் வணிகம் செய்த ஆஷர் வெர்ட்ஹைமர் என்ற யூதருடைய குடும்பத்தை மட்டுமே பன்னிரண்டு படங்களில் அவர் வரைந்திருக்கிறார். அவருடைய உருவப்படங்களில் அவ்வளவு பரிவும் குறும்பும் கொண்டவை குறைவு. இதே கூடத்தின் வடக்குச் சுவரில் எபிரேயத் தீர்க்கதரிசிகளுக்கு அவர் தந்த மாண்பைக் கண்டு யூதர்களும் மகிழ்ந்தார்கள். கிழக்குச் சுவரின் மேற்புறத்தில், இறைவன் தன் அங்கிக்குள் ஒரு சிறுவனை அணைத்துச் சட்டத்தைக் கற்பிக்கும் அரைவட்டம் இருக்கிறது; யூத மரபை இதைவிடக் கனிவாக ஒரு கிறித்தவ ஓவியர் வரைந்து நான் பார்த்ததில்லை. அதே சுவரில், அதற்குச் சற்றுக் கீழேதான் அந்தக் கண்கட்டிய மூதாட்டியும் கிடக்கிறாள்.

தூரிகைக்காரன் ஐயாவின் கருத்தை இங்கே கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். வெர்ட்ஹைமர் அவர் முன்னால் வந்து அமர்ந்தார். அவருக்கு முகம் இருந்தது. 'யூத சமயம்' என்ற கருத்து எவர் முன்னாலும் வந்து அமராது. அதை வரைய நேர்ந்தபோது சார்ஜென்ட் பழைய சிற்பங்களிலிருந்து ஓர் உருவத்தை எடுத்துவந்தார். அந்த உருவத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த பல நூற்றாண்டுக் காழ்ப்பும் கூடவே வந்துவிட்டது. அவளுக்குக் கண்கட்டுப் போட்டதால் முகமும் மறைந்துவிட்டது. உருவப்பட ஓவியர் செய்யவே கூடாத ஒன்றைத்தான் அவர் அங்கே செய்தார்.


தூரிகைக்காரன்

நூலகப்படி சொன்ன கடைசிச் செய்தி எனக்குத் தோன்றவே இல்லை. நான் தீர்க்கதரிசிகளையும் திரித்துவத்தையும் ஒப்பிட்டதோடு நின்றுவிட்டேன். 'கோட்பாட்டுக்கு முகமில்லை' என்பதை ஒரு நுட்பமாக மட்டும் வியந்து எழுதியிருக்கிறேன். அந்த நுட்பம் அடுத்த சுவரில் உயிரோடு இருக்கும் மக்களைப் புண்படுத்தியதை அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஏற்றுக்கொள்கிறேன்.


கரிக்கோல்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நீங்கள் எல்லோரும் வெற்றுப் பலகத்துக்கு அளவுக்கு மீறிப் பொருள் கற்பிப்பதாகத் தோன்றுகிறது. 1919இல் சார்ஜென்டுக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. 1916இலேயே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் வட்ட மண்டப வேலையை ஏற்றிருந்தார். அங்கே கிரேக்கப் புராணத் தெய்வங்கள், எவர் மனத்தையும் புண்படுத்தாத பொருள். அதற்குப் பின் ஹார்வர்டின் வைட்னர் நூலகத்துக்கு இரண்டு பலகங்கள். முதல் உலகப் போரின்போது பிரான்சுக்குப் போய், நச்சுப்புகையால் கண்ணிழந்த வீரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி நடக்கும் அந்தப் பெரிய படத்தையும் வரைந்து முடித்திருந்தார். கையில் இத்தனை வேலையும், ஒரு கசப்பான சர்ச்சையும் இருக்கும்போது எவரும் பழைய சுவரைத் தள்ளித்தான் போடுவார்கள். அருங்காட்சியகத்தின் கடைசிப் படங்களைப் பொருத்தப் பாஸ்டனுக்குப் புறப்பட இருந்த வேளையில், 1925 ஏப்ரலில் லண்டனில் உறக்கத்திலேயே இறந்துபோனார். நூலகத்தாரின் அந்தப் பலகம் அப்படியே நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

இளவெயிலின் முதல் கேள்விக்கும் நேரான விடை ஒன்று வேண்டும். ஒட்டுமொத்தமாக அந்தக் கூடம் வெற்றி பெறவில்லை என்பேன். பக்கத்தில் விளக்கத்தாள் இல்லாமல் அதை எவராலும் வாசிக்க முடியாது. கழுத்து வலிக்கக் கூரையைப் பார்த்தாலும் எந்தத் தேவி எந்தத் தேவி என்று விளங்காது. மக்கள் எதை விரும்பினார்கள் என்று பாருங்கள். தீர்க்கதரிசிகளின் பட்டிகைதான் அச்சுப்படமாகி வீடுகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் தொங்கியது. பொன்னும் கண்ணாடியும் தலைவிரித்தாடும் இடத்தை விட்டுவிட்டு, பத்தொன்பது பேர் சும்மா நிற்கும் இடத்தைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஓவியர் எதைக் கடந்துபோக விரும்பினாரோ, மக்கள் அதையே அவரிடமிருந்து பெற்றுக்கொண்டார்கள்.


இளவெயில்

கரிக்கோல் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் மலைப்பிரசங்கம் தள்ளிப்போனதற்கு வேலைப்பளு மட்டுமே காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. நான் உருவப்படம் வரைகிறவன் என்பதால் சொல்கிறேன்: பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் முகத்தை வரைவதுதான் எல்லாவற்றிலும் கடினம்; அதிலும் எதிரே உட்கார வைத்துப் பார்க்க முடியாத ஒருவருடைய முகம். என்றாவது அங்கே போக வாய்த்தால் எந்த இடத்தில் நின்று பார்ப்பது நல்லது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.


சுதைமண்

மேலே ஏறியதும் எங்கும் நிற்காமல் நேராகத் தெற்குக் கோடிக்குப் போய், முதுகைத் திரித்துவத்துக்குக் காட்டி நின்றுகொள்ளுங்கள். அங்கிருந்து வடக்கே பட்டிகை முழுவதும் ஒரே பார்வைக்குள் அடங்கும். பிறகு ஒரு சுவரை ஒட்டியே மெல்ல நடந்து வாருங்கள். மோசேயின் பொன் புடைப்பில் ஒளி நகர்வது தெரியும். கிழக்குச் சுவரைக் கடைசியில் பாருங்கள். இரண்டு பலகங்களுக்கும் நடுவே ஒன்றும் இல்லாத இடத்தைப் பெரும்பாலோர் கவனிக்காமலேயே படியிறங்கிவிடுகிறார்கள்.